பக்கத்து இருக்கை

பேருந்து கிளம்பும்போது சுற்றுலா வழிகாட்டி சபேசன் தலைகளை எண்ணுவதில்லை. "பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பான். புருஷனுக்குப் பெண்டாட்டியும் பெண்டாட்டிக்குப் புருஷனுமாக "வந்தாச்சு" என்பார்கள். அந்தச் சுற்றுலாக் கூட்டத்தில் தனியாக வந்தவள் தாட்சாயணி மட்டும்தான். அவள் பக்கத்து இருக்கையில் எல்லோருக்குமான புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்த பை உட்கார்ந்திருந்தது. ஐந்து நாடுகளிலும் பைக்காக அவள்தான் "வந்தாச்சு" என்றாள். அவளுக்காகச் சொல்லப் பைக்கு வாயில்லை.

ஆறாவது நாட்டின் பனிமலையில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பேருந்தில் ஏறிவிட்டார்கள். தாட்சாயணி மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி ஒரு கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, தன்னை யாராவது தேடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து நகர்ந்தது. பத்தடி போய்ச் சட்டென்று நின்றது. சபேசன் பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"அப்பாடா! பையை எங்க விட்டோமோன்னு எல்லாரும் பதறிட்டோம் மேடம்" என்றவன், அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினான். அவள் பாதி வழி வருவதற்குள் பேருந்துக்குள்ளிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"வந்தாச்சு!"