பேரு போட்டு எழுதுங்க

"வெல்டிங் விட்டுப் போச்சுன்னா, வச்சது சஜிதாங்கிற பொண்ணுன்னு பேரு போட்டு எழுதுங்க மேடம். ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் வாசிக்கணும்."

நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கின் பரிசோதனைக் கூடம். சபைச் செயலாளர் செல்வதாஸ் அந்த இரும்பு பிராக்கெட்டை மேஜையில் வைத்த வேகத்திலேயே தீர்ப்பு தெரிந்தது.

மயிலாடிப் பக்கம் அவர்கள் கோயிலில் பாடகர் மாடி கட்டுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நாற்பது பிள்ளைகள் அதில் ஏறி நின்று பாட வேண்டும். மாடியைத் தாங்கப் பன்னிரண்டு பிராக்கெட். பட்டை இரும்பு செல்வதாஸ் கொடுத்தது. சூடாக்காமல் தன் இரும்புக் கடை மெஷினிலேயே மடக்கியும் கொடுத்துவிட்டார். வெல்டிங் மட்டும் சஜிதா.

பெண்பிள்ளை வெல்டிங் வைத்த மாடியில் பிள்ளைகளை ஏற்றுவதா என்று கமிட்டியில் ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான்.

சஜிதா கதவோரம் நின்றாள். ஐ.டி.ஐ. முடித்து ஆறு வருஷமாக இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை.

"அண்ணாச்சி, டெஸ்ட் பண்ணட்டும். ஆனா கோயில்ல வச்சு எனக்க பேரச் சொல்லாண்டாம். பிறகு ஒரு கேட்டு வேலைக்குக்கூட ஆரும் கூப்பிட மாட்டாங்க."

"பிள்ளைகளுக்க உசிருல்லா பெருசு? தப்பு ஆரு பேருல இருக்கோ, அத சபை அறியணும். மறைச்சா பாவம், கேட்டியா?"

கூடத்தின் பொறுப்பாளர் ராகேல் பிராக்கெட்டைக் கையில் எடுத்தாள். "இது டெஸ்டுக்குன்னு தனியா செஞ்சதா சார்?"

"அவ அப்படி ஒண்ணு செஞ்சு கொண்டாந்தா. நான் விடுவனா? மாடியில மாட்டியிருந்ததுல நானே கை காட்டிக் கழட்டுனது இது."

"நல்லது. அப்படித்தான் பாக்கணும்."

பிராக்கெட் மெஷினில் ஏறியது. திரையில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனது. தாங்க வேண்டிய பாரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை, படீரென்று ஒரு சத்தம்.

"பாத்தியளா மேடம்? நான் சொன்னேன்லா."

வருத்தம் வர வேண்டிய முகத்தில் திருப்தி வந்திருந்தது. சஜிதா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

ராகேல் இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வெல்டிங் அப்படியே இருக்கு சார். ஒரு கீறல் இல்ல. உடஞ்சது மடக்குன இடம். பட்டை மட்டமான இரும்பு. இதப் போயி சூடாக்காம இவ்வளவு ஒடுக்கமா மடக்கினா அங்கேயே விரிசல் விட்டுரும். மீதி பதினொண்ணையும் உடனே கழட்டுங்க. பிள்ளைங்க ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

செல்வதாஸ் கைக்குட்டையைத் தேடினார். சஜிதா பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை ராகேலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத்தையும் நாளைக்கே மாத்திருவேன் மேடம். ஆனா ரிப்போர்ட்டுல, இரும்பு ஆரு கொடுத்ததுன்னு பேரெல்லாம் போடாண்டாம். சபைக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்?"

"நாங்க யாரு பேரும் போட மாட்டோம் சார். உடஞ்ச துண்டோட போட்டோ மட்டும்தான் வைப்போம்."

சொல்லிவிட்டு ராகேல் துண்டைப் படம் எடுக்கத் திருப்பி வைத்தாள்.

சிவப்புப் பெயிண்டில், கொட்டை எழுத்தில், தெளிவாக இருந்தது: 'அன்பளிப்பு: செல்வதாஸ் குடும்பத்தார்.'