பால் வழிந்த பக்கம்

இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடும் நகரத்துக்குத் தூதரகத்தை மாற்றிய அன்றே சுற்றறிக்கை வந்துவிட்டது: நகரம் ஒன்றுதான், கிழக்கு, மேற்கு என்று ஊழியர்கள் யாரும் சொல்லக்கூடாது. தூதரகச் சமையல்காரர் தணிகைவேலுவின் மனைவிக்கு ஊரில் வேறு கவலை.

"புது எடத்துல பால் காய்ச்சாம உலை வைக்காதீங்க" என்றாள் போனில்.

போனைக் காதில் வைத்தபடியே காய்ச்சினார். வெளியே ஏதோ வெடித்து ஜன்னல் அதிர்ந்தது. தெருவில் ஆட்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். பால் பொங்கி வழிந்தது.

"எந்தப் பக்கம் வழிஞ்சுது? கிழக்காலயா?" என்று கேட்டாள் மனைவி.

தமிழ் தெரிந்த செயலர் கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகைவேலு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"புகை வர்ற பக்கம்."

"அடுப்பு புகையுதா? மொதல்ல அதை அணைங்க" என்றாள்.