தப்பான திங்கட்கிழமை

“மன்னிச்சிடுங்க அக்கா. இன்னிக்கு ஆஸ்பத்திரி லீவு. உங்களை வர வச்சது என் தப்புதான்.”

பூட்டிக் கிடந்த கண் மருத்துவமனையின் படியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அவள் கணவன், லாரி டிரைவர், ஒரு கண்ணில் கட்டோடு.

“நீ யாரும்மா? நர்சா?”

“இல்லக்கா. இங்க கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவ.”

விஷயம் இதுதான். ஆபரேஷன் முடிந்ததும் அடுத்த வேலை நாளைக் கணக்கிட்டு மறுபரிசோதனைத் தேதியை மெசேஜில் அனுப்ப, டேட்டாபேஸில் ஒரு ஃபங்ஷன், அதாவது குட்டி புரோகிராம், எழுதியிருந்தாள் மகாராணி. சனிக்கிழமை ஆபரேஷன் என்றால் அது ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிக் குதிக்கும். குதித்து விழுந்த திங்கட்கிழமையும் விடுமுறையா என்று மறுபடி பார்க்காது. அந்த ஒரு வரியை எழுத மறந்துவிட்டாள். லீவு நாளில் வீட்டில் சும்மா இருக்காமல் புரோகிராமை நோண்டியபோதுதான் அது தெரிந்தது. உடனே வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள்.

“ராத்திரியெல்லாம் வலி தாங்காம புரண்டாரும்மா” என்றாள் டிரைவரின் மனைவி. “இந்தக் கண்ணு போச்சுன்னா ஸ்டியரிங்கை யாரு பிடிக்கிறது? பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடறது?”

“விடு. அந்தப் பொண்ணே அழற மாதிரி நிக்குது” என்றான் டிரைவர்.

மகாராணி ஆஸ்பத்திரி மேனேஜருக்கு போன் போட்டாள்.

“டாக்டரா? லீவு நாள்ல யாரும்மா வருவா? ஆபரேஷன் பண்ணின பெரிய டாக்டரும் ஊர்ல இல்ல” என்று அவர் கொட்டாவி விட்டார்.

கேட்டருகே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“லீவுன்னு சொன்னது நான்தான், இல்லேங்கல! மெசேஜ் வந்திருக்கே, வராம எப்படி? பசங்களை நீயே கூட்டிட்டுப் போ!”

ஐயோ, இன்னொரு பேஷண்ட் வேறா! பயந்துகொண்டே அவரிடம் போனாள்.

“சார், நீங்களும் மன்னிக்கணும். மெசேஜ் தப்பா வந்துடுச்சு. நாளைக்கு வாங்க.”

“தப்பா? யாரு பார்த்த வேலை இது?”

“நான்தான் சார்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சாவிக்கொத்தோடு நர்ஸ் இறங்கி ஓடி வந்தாள்.

“சாரி டாக்டர்! லீவுன்னு நினைச்சுத் தூங்கிட்டேன். டூட்டி மெசேஜை இப்பதான் பார்த்தேன்.”

டாக்டரா! மகாராணி அவசரமாக டிரைவரைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய டாக்டர், டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிடம் அவனை உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

“உள்ளே சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. மருந்து கொடுத்தாச்சு. இனி பயமில்ல, பார்வை திரும்பிடும்.”

டிரைவரின் மனைவி வாய்விட்டு அழுதாள். அழுதபடியே மகாராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இவளுக்கு மூச்சே வந்தது.

“டாக்டர், அந்த ஃபங்ஷனை இன்னிக்கே சரி பண்ணிடறேன்.”

“கட்டாயம் பண்ணுங்க” என்றார் டாக்டர். “ஆனா என் டூட்டி மெசேஜும் அதே கணக்குலதான் வந்தது. முதல்லயே சரியா எழுதியிருந்தீங்கன்னா, அவரும் நானும் நாளைக்குத்தான் வந்திருப்போம். நாளைக்கு அந்தக் கண்ணு இருந்திருக்காது!”