பக்கத்து நாற்காலி இனிப்பு

பக்கத்து நாற்காலி டிரைவர் டப்பாவைத் திறந்ததும் தையற்காரருக்கு வயிறு எரிந்தது.

இருவர் கையிலும் ஊசி. இருவர் பக்கத்திலும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம். வியாதியும் ஒன்று, பத்தியமும் ஒன்று. அந்த ஆளுக்கு மட்டும் எங்கிருந்து டப்பா நிறைய இனிப்பு?

“கடையில வாங்கினதா?” என்று நர்ஸ் அதட்டலாகக் கேட்டாள்.

“வீட்டுல செஞ்சதும்மா. அரிசி மாவு, சர்க்கரை, கொஞ்சம் நெய். பால், முந்திரி எதுவும் கிடையாது. கிட்னிக்காரங்களுக்குன்னே பார்த்துப் பார்த்துச் செஞ்சது.”

“கொடுத்து வச்சவர்தான் நீங்க” என்று சிரித்துவிட்டு நர்ஸ் நகர்ந்தாள்.

அந்தச் சொல் தையற்காரர் காதில் முள்ளாக ஏறியது. அந்த ஆளுக்கு வாய்த்தவள் எப்படி இருப்பாள் என்று கண்ணை மூடி யோசித்தார். சிரித்த முகம், குளிர்ந்த பேச்சு, வியாதிக்காரப் புருஷனுக்காக விடியும் முன்பே அடுப்படியில் நிற்கிற பெண்.

தனக்கும் ஒருத்தி இருக்கிறாளே. காலையில் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். உப்பில்லாத குழம்பு, வேகவைத்துத் தண்ணீர் வடித்த காய், சப்பென்று ஏதோ பலகாரம் என்று ஆரம்பத்தில் என்னென்னவோ வைத்துப் பார்த்தாள். “இதெல்லாம் மனுஷன் திங்கிறதா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் அவளும் கெஞ்சுவதை விட்டுவிட்டாள்.

போதாக்குறைக்கு, மறுபடி வந்து அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, “பக்கத்துல ஒரு டிரைவர் இருக்காரே, எப்படி இருக்கார்?” என்று ஊரான் நலம் வேறு விசாரிப்பாள்.

“அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்” என்று எரிந்து விழுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“ஒண்ணு எடுத்துக்கிறீங்களா சார்?” டிரைவர் டப்பாவை நீட்டினார்.

எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் இன்று கை நீட்டினார். ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் எடுத்தார். டிரைவர் அவரைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார்.

ஏலக்காய் மணத்தோடு அது நாக்கில் பட்டதும் கரைந்தது. இன்னொன்று எடுத்தார். அதிலும் குறை இல்லை.

“உங்க வீட்டம்மாவைக் கோயில் கட்டிக் கும்பிடணும் சார். எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. கையில ருசியும் இல்ல, மனசுல ஈரமும் இல்ல.”

டிரைவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“எனக்கு ஏது சார் வீட்டம்மா? நான் ஒண்டிக்கட்டை.”

“அப்போ இது?”

“உங்க சம்சாரம் ஆஸ்பத்திரி வாசல்ல கொடுத்துட்டுப் போறதுதான். நீங்க தொட மாட்டீங்களாமே.”