பட்டுச்சா?

"பட்டுச்சா? சட்டுன்னு சொல்லு நெட்டை!"

கேப்டன் அக்கா முகத்துக்கு நேராக வந்து நின்றாள். 

வாலிபாலில் கடைசியான ஐந்தாவது செட், பதினைந்து எடுத்தவர்களுக்கு வெற்றி. இவர்கள் பன்னிரண்டு, அவர்கள் பதின்மூன்று. எதிரணிக்காரி ஓங்கி அடித்த பந்து, வலைக்கு மேலே நீட்டியிருந்த நெட்டையின் கைகளைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. கையில் படாமல் போயிருந்தால் புள்ளி இவர்களுக்கு. பட்டுப் போயிருந்தால் அவர்களுக்கு. பட்டது என்று நடுவர் காட்டிவிட்டார்.

வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு எட்டு விநாடிதான் நேரம், கைவசம் இருப்பது கடைசி வாய்ப்பு. கோச் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

பந்து பட்டதா இல்லையா என்பது அந்தக் கைக்குத்தானே தெரியும்? தடுக்கப் போனவள் தலையாட்டினால் கோச் அழுத்துவார். இந்த அணியில் அதுதான் வழக்கம். இந்தத் தொடரில் இந்தக் கேள்வி தன் பக்கம் வராமல் நெட்டை இதுவரை எப்படியோ தப்பித்திருந்தாள்.

இதில் ஜெயித்தால் உலகப் போட்டி. அவள் நாடு அதை இதுவரை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

அம்மா ஆடிய காலத்தில் சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி. சர்வீஸைக் கோட்டை விட்டால் அது கைமாறும், அவ்வளவுதான். பந்து பட்டால் தாங்களாகவே கையைத் தூக்கி ஒப்புக்கொள்கிறவர்களும் இருந்தார்களாம். ஆட்டம் நாடு நாடாகப் பரவி, டிவிக்குள் நுழைந்து, எல்லாம் மாறிப்போனது. இப்போது எந்தப் பந்தும் சும்மா போகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, கூரை முழுக்கக் கேமரா.

பட்டது என்று சொன்னால் அவர்களுக்குப் பதினான்கு, அத்தோடு கதை முடிந்த மாதிரிதான். படவில்லை என்று சொல்லி அது பொய்யாகிவிட்டால் கடைசி வாய்ப்பும் போய்விடும். தெரியவில்லை என்று மட்டும் சொல்லவே முடியாது. அப்படிச் சொன்னால் கோச் அடுத்த கேள்வி கேட்பார்.

கட்டைவிரலால் சுண்டுவிரல் டேப்பைத் தடவினாள். பிசியோ எத்தனை முறை கேட்டும் அந்த டேப்பை அவளேதான் சுற்றிக்கொள்வாள். யாரையும் தொட விடமாட்டாள். கேட்டால் ராசி என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஆறு. ஏழு.

இல்லை என்று தலையாட்டினாள்.

கோச் அழுத்தினார்.

மொத்த அரங்கமும் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தது. பந்து நத்தை மாதிரி மெல்ல ஊர்ந்து வந்தது. நெட்டை மூச்சை அடக்கிக்கொண்டாள். கடவுளே, உரசாமல் போகட்டும்.

பந்து அவள் சுண்டுவிரலில் மோதியது.

உரசியதோடு நிற்கவில்லை. விரலைப் பின்பக்கமாக, புறங்கையைத் தொடும் அளவுக்கு மடக்கிவிட்டுப் போனது. பத்தாயிரம் பேர் ஒரே குரலில் ஐயோ என்றார்கள்.

திரையில் இருந்த நெட்டையின் முகத்தில் மட்டும் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பந்து எங்கே விழுகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திரையை விட்டுக் கண்ணை எடுக்க நெட்டையால் முடியவில்லை.

"எத்தனை நாளாடி இப்படி?"

கேப்டன் அக்காவின் குரல் உடைந்திருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

என்ன பார்க்கிறாள் என்று நெட்டையும் குனிந்தாள்.

அக்கா அவள் சுண்டுவிரல் நுனியை நகம் பதிய அழுத்திப் பிடித்திருந்தாள். எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள் என்று நெட்டைக்குத் தெரியவில்லை.