மடித்துக் கட்டிய பின்னல்

இரண்டு கிளிப்புகளை வாயில் கவ்வியபடி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கெதியாக் கட்டுங்கோ அம்மா. பள்ளிக்கூட வான் வந்திடும்."

மிதுலாவுக்கு இன்று மாவட்ட வலைப்பந்துப் போட்டி. போன ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாள். விழுந்ததில் முழங்கை தேய்ந்தது. பொருக்கு இன்னும் உதிரவில்லை.

வகிடெடுத்தாள். இரண்டாகப் பிரித்துப் பின்னினாள். விரல்கள் தம்பாட்டில் ஓடின. இடப் பின்னலை மேலே மடித்து வலக் காதுக்குப் பின்னால் கொண்டுபோயின. வலப் பின்னலை இடக் காதுக்கு.

கிளிப் குத்தப் போகையில்தான் கவனித்தாள்.

கை நின்றது.

போன கிழமை மிதுலா தானாகவே கண்ணாடி பார்த்து இப்படிக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். முன்வீட்டுப் பரிமளம் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன, தாய் விட்ட இடத்தில மகள் துவங்கிறாவோ?"

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். சீருடை இல்லாத புலனாய்வுக்காரன். தேத்தண்ணீர் வேண்டாம் என்றான். இயக்கத்தில் எத்தனை வருசம் இருந்தாய் என்று, பல தடவை கேட்டதையே திரும்பவும் கேட்டான்.

பிறகு, மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்றான்.

அது புதுக் கேள்வி.

இயக்கத்துப் பெண் போராளிகள் இப்படித்தான் கட்டினார்கள். ஆனால் அவளுக்கு இந்தப் பின்னலை இயக்கம் தரவில்லை. அவளும் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள்தான். பந்துக்கு எம்பும்போது முகத்தில் அடிக்காமலிருக்க அணியில் எல்லோரும் இப்படித்தான் கட்டினார்கள்.

பிறகு அதே பின்னலோடு துவக்குத் தூக்கிச் சண்டைக்குப் போனாள்.

அதன்பின் யாருக்கும் அந்தப் பந்து தெரியவில்லை. துவக்குத்தான் தெரிந்தது.

ஒரு தலைமயிரைக்கூட விட்டு வைக்கமாட்டார்களா?

"அம்மா! ஏன் அவிழ்க்கிறீங்கள்?"

வாயில் கிளிப். மடிப்பை இறக்கித் தொங்கவிட்டாள்.

"தொங்க விட்டா திரும்பவும் பிடிச்சு இழுப்பாளவை!"

தேவைக்கு மேல் இறுக்கிப் பின்னினாள். யார்மீது உள்ள கோபம் என்று தெரியவில்லை. மிதுலா "ஆ" என்று கத்தினாள்.

வெளியே ஹோர்ன் அடித்தது.

மிதுலா பாதி கட்டிய ரிப்பனோடு எழுந்து ஓடினாள்.

"உங்களுக்கு ஒரு தலை கட்டத் தெரியாது!"

படலையடிக்கு வந்து பார்த்தாள். மகள் வான் ஜன்னலோரம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தாள். பின்சீட்டிலிருந்து ஒருத்தி எட்டி அவளுடைய பின்னல்களைப் பிடித்தாள். மேலே மடித்தாள். குறுக்கே போட்டு ரிப்பனால் சுற்றினாள்.

வானுக்குள் எல்லாத் தலைகளும் அப்படித்தான் இருந்தன.

அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஒருவரும் இயக்கத்துக்குப் போனவர்களில்லை. அந்தத் தலைகளில் அது வெறும் பின்னல்.

முன்வீட்டுப் படலை திறந்தது. பரிமளம் விளக்குமாறோடு வந்து நின்றாள். கூட்டவில்லை.

கூப்பிட்டு அவிழ்க்கலாம். வான் இன்னும் புறப்படவில்லை.

ரிப்பன் ஒரு பக்கம் இப்போதே நழுவியது. ஓர் இழுப்புக்கு நிற்காது.

வாயிலிருந்து கிளிப்புகளை எடுத்தாள். எச்சில் போகச் சட்டையில் துடைத்தாள்.

பரிமளத்தைக் கடந்து, வானை நோக்கி நடந்தாள்.