பிழையில்லாத இரண்டு புத்தகங்கள்

அந்த அச்சகத்தில் பிழை திருத்த இரண்டு பேர். ஒருவர் பக்தர். எதிர் மேசைக்காரர் நாத்திகர். இருவருக்கும் தினமும் வாக்குவாதம்.

“பிரார்த்தனைப் புத்தகம் உங்களுக்கு, கடவுள் மறுப்புப் புத்தகம் அவருக்கு. ஒரு பிழை வந்தாலும் ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது,” என்றார் முதலாளி.

இரண்டு புத்தகங்களும் பிழையே இல்லாமல் வெளிவந்தன.

“அவங்கவங்க நம்புறதைக் கொடுத்தா வேலை எவ்வளவு சுத்தமா நடக்குது பாத்தீங்களா?” முதலாளி பூரித்துப்போனார்.

வெளியே வந்ததும் நாத்திகர் கிசுகிசுத்தார். “நாம புத்தகத்தைக் கமுக்கமா மாத்திக்கிட்டதைச் சொல்லிடலாமாண்ணே? என் புத்தகத்தை நானே திருத்தியிருந்தா, வரிக்கு வரி ‘ஆமா, ஆமா’ன்னு பிழையை எல்லாம் விட்டிருப்பேன்.”

“வேணாம்ப்பா,” என்று பதறினார் பக்தர். “என் கதை இன்னும் மோசம். மாத்துறதுக்கு முன்னாடி, பிரார்த்தனையோட முதல் வரியைப் படிச்சதுமே நான் கண்ணை மூடிட்டேன்.”